‘தொடக்கநிலை நிட்டிங் கிட்’ வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இரண்டு ஊசியால் நூல் பின்னும் நிட்டிங் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ஆன்லைனில் ஒரு ‘தொடக்கநிலை கிட்’ வாங்கினேன். ஊசி, உல்லன் நூல், செய்முறைத் தாள், வீடியோ பாடம் எல்லாம் ஒரே பெட்டியில் என்று விளம்பரம். அட்டைப் படத்தில் அழகான முயல் பொம்மை. விற்றவர் பெயரைச் சொல்லிப் பயனில்லை, இதே படத்தைப் போட்டு வேறு வேறு பெயரில் விற்கிறார்கள்.

முதல் ஏமாற்றே அந்தப் படம்தான். முயல் நிட்டிங்கே இல்லை, குரோஷே. இரண்டு ஊசியில் பின்னினால், சாதாரணப் பின்னலின் முகப்பில் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், சடை போட்டது மாதிரி நேர்நேராக மேலே ஏறும். குரோஷேயில் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சு முடிச்சாகத் தடித்துத் தெரியும். அதற்கு நுனியில் கொக்கியுள்ள ஒற்றை ஊசி வேண்டும். பெட்டியில் இருந்ததோ நிட்டிங் ஊசி ஒரு ஜோடி. தலைகீழாக நின்றாலும் அந்த முயல் அதில் வராது.

அடுத்து நூல். ‘100% கம்பளி’ என்று லேபிள். சந்தேகப்பட்டு ஒரு சின்னத் துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பார்த்தேன். அசல் கம்பளி என்றால் முடி பொசுங்கிய நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் நசுக்கினால் பொடியாகும். இது உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. செயற்கை இழை. அக்ரிலிக் மாதிரி செயற்கை நூல் ஒன்றும் மட்டமில்லை, பழகுவதற்கு நல்ல நூல்தான். கம்பளி விலை வாங்கிக்கொண்டு வேறொன்றைத் தலையில் கட்டுவதுதான் அயோக்கியத்தனம்.

அதுவும் கறுப்பு நிறத்தில், பிசிறு பிசிறாக முடி நீட்டிய நூல். கண்ணி எங்கே இருக்கிறதென்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு வெளிர் நிறத்தில் வழவழப்பான, நடுத்தரத் தடிமன் நூல்தான் சரி. இந்தத் தடிமனுக்கு அடையாளமாகப் பல லேபிள்களில் நூல்கண்டு படத்துக்குள் 4 என்று போட்டிருக்கும்.

ஊசிக் கதை இன்னும் மோசம். தாளில் ‘8ஆம் எண் ஊசி’ என்று மட்டும் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் 8 என்றால் 5 மி.மீ., பழைய பிரிட்டிஷ் கணக்கில் 4 மி.மீ. எந்தக் கணக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. வந்த ஊசியோ 3 மி.மீ.கூடத் தேறாது. தடி நூலை அதில் ஏற்றினால் கண்ணி இறுகி, ஊசி உள்ளே நுழையவே மாட்டேன் என்கிறது. இதோடு மல்லுக்கட்டிவிட்டு ‘நமக்கெல்லாம் இது வராது’ என்று மூட்டை கட்டியவர்கள் எத்தனை பேரோ!

வீடியோவில் ஊசியில் முதல் வரிசைக் கண்ணி ஏற்றுவது வரைதான் இலவசம், மீதிக்குத் தனிக் கட்டணம்.

புகார் செய்தால், ‘நூலைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். பிரிக்காமல் எப்படிப் பின்னுவதாம்? விளம்பரத்தையும் பொருளையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பியதும், பாதிப் பணம் தருகிறோம், விமர்சனத்தை நீக்குங்கள் என்று பேரம். நீக்கவில்லை. பணம் செலுத்திய வங்கியில் முறையிட்டிருக்கிறேன்.

வாங்குவதானால் 5 மி.மீ. மூங்கில் ஊசி ஒரு ஜோடி, நூல் ஒரு கண்டு, தனித்தனியாக வாங்குங்கள். உலோக ஊசியைவிட மூங்கிலில் கண்ணி வழுக்கி விழுவது குறைவு. கிட்தான் வேண்டுமென்றால், ஊசி எத்தனை மி.மீ., நூல் எத்தனை மீட்டர், படத்தில் உள்ளது நிட்டிங்கா குரோஷேவா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள்.