சம்பலுக்கா, சுண்டலுக்கா என்று கேட்டு விற்கும் கீரைக்கடை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முகப்பில் இந்தக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு பலகை, மேலே ஒரு நீலத் தார்ப்பாய், அவ்வளவுதான். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், முருங்கை எல்லாம் கிடைக்கும். வல்லாரை ஒரு பிடி 100 ரூபாய். பக்கத்தில் 80க்கும் வாங்கலாம். ஆனாலும் நான் இங்கேதான் வாங்குகிறேன்.

வல்லாரையைக் கையில் எடுத்ததுமே கடைக்காரத் தம்பி கேட்பார்: "டீச்சர், சம்பலுக்கா, சுண்டுறதுக்கா?" சம்பல் பச்சை இலையை அரிந்து கலப்பது, சுண்டல் அடுப்பில் வதக்குவது. சம்பலுக்கு என்றால் மேல்தட்டிலிருந்து தருவார். அது பிலியந்தலைப் பக்கம் மேட்டுப்பாத்தியில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வளர்த்தது. வயல்கரையில் பிடுங்கியது கீழே தனிக் கூடையில் இருக்கும். "இது பச்சையா வேணாம், அடுப்புல வச்சிருங்க" என்று சொல்லித்தான் கட்டுவார்.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள் என்பதால் இந்தக் கேள்வியின் அருமை எனக்குத் தெரியும். மாடு, எருமையின் ஈரலில் வாழும் தட்டைப்புழுவின் முட்டை சாணத்தோடு வெளியே வருகிறது. சாணம் தண்ணீரில் கலந்தால் முட்டை பொரித்து, குடம்பி, அதாவது இளம்புழு, நன்னீர் நத்தையொன்றைத் தேடித் துளைத்து உள்ளே போகும். நத்தைதான் அதற்கு இடைநிலை விருந்துவழங்கி, அதாவது வளரும் பருவத்தில் இடம் கொடுக்கும் உயிரி. உள்ளே போனது ஒரு குடம்பிதான், ஆனால் நத்தைக்குள்ளேயே பெருகி நூற்றுக்கணக்கில் வெளியேறுகிறது. வெளியேறியவை நீந்திப்போய் நீர்க்கரைச் செடிகளின் தண்டிலும் இலையிலும் தம்மைச் சுற்றி உறை போன்ற சிறைப்பை கட்டி ஒட்டிக்கொள்ளும். ஒரு பை கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தச் செடியை மாடு மேய்ந்தாலும் சரி, மனிதர் பச்சையாகச் சாப்பிட்டாலும் சரி, புழு குடலைத் துளைத்து ஈரலுக்குப் போய்விடும். முதலில் காய்ச்சலும் வலப்பக்க மேல்வயிற்று வலியும் வரும். பிறகு புழு பித்தக்குழாயில் வருடக்கணக்கில் தங்கும். வெப்ப நாடுகளில் அதிகம் காணப்படும் இதன் இனமான பாசியோலா ஜைஜான்டிகா விரல் நீளத்துக்கு வளரக்கூடியது. நத்தையின் பங்கு 1880களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஜெர்மனியில் லியூக்கார்ட்டும் இங்கிலாந்தில் தோமசும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

ஒருநாள் கடையில் ஓர் அம்மா கங்குன் தண்டில் நத்தையைக் கண்டு சத்தம் போட்டார். வாங்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவு, வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய ஓடு, கூரான நுனி. நுனியை மேலே பிடித்தால் வாய் வலப்பக்கம், வாய்க்கு மூடி இல்லை. இந்தப் புழுவுக்கு இடம் கொடுக்கும் லிம்னியா குடும்பத்து நத்தை மாதிரித்தான் இருந்தது. அருகே தண்டில் பளிங்குப் பசை போல அதன் முட்டைத்திரள். நத்தையைத் தொட்டதால் ஒன்றும் வராது, அந்தக் கங்குன் நின்ற தண்ணீர் எப்படிப்பட்டது என்று அது காட்டுகிறது, நன்றாக வேகவைத்தால் பயமில்லை என்று அவருக்குச் சொன்னேன். நத்தை இல்லாத கீரைக்கட்டை நம்பிவிடலாம் என்றும் இல்லை. புழு எப்போதோ நத்தையை விட்டு இலைக்கு வந்திருக்கலாம். மாடு இறங்கும் தண்ணீரா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

வேறொரு சாப்பாட்டுக்கடையில் வல்லாரைச் சம்பல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "உப்புத் தண்ணியில கழுவித்தான் போடுறம்" என்று பதில் வந்தது. மண்ணும் பூச்சியும் போகும், சரி. ஒட்டிய சிறைப்பை போய்விடும் என்று உப்பையோ தேசிக்காய்ப் புளியையோ நம்ப முடியாது. அங்கே நான் சம்பல் தொடுவதில்லை.

இந்தக் கடையிலும் குறை உண்டு. பத்து மணிக்கு மேல் போனால் இலை வாடியிருக்கும். சில்லறை மாற்றவும் முடியாது. மேல்தட்டு வல்லாரை தீர்ந்த நாளில் கீழ்க்கூடையை மேலே தூக்கி வைக்க மாட்டார். "இன்னைக்குச் சம்பலுக்கு இல்ல டீச்சர்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வருகிற வாடிக்கையை விடுவது சின்னக் கடைக்கு லேசான விஷயமில்லை. நான் இந்தக் கடையைப் பிறருக்குச் சொல்வதே அதற்காகத்தான்.

சம்பலுக்கு வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள். ஞாயிறு கடை இல்லை.