பெயரை விற்பதா, வைத்துக்கொள்வதா?

சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் ரவிக்கை தைக்கும் அக்கா மகளிடம் ஒருவர், கடையோடு பெயரையும் விலைக்குக் கேட்டிருக்கிறார். தே ஹாலியா (இஞ்சித் தேநீர்) குடித்தபடி இரண்டு வடிவமைப்பாளர்களை ஒப்பிட்டுப் பார்த்தோம்.

அமெரிக்கரான ஹால்ஸ்டன் பெயரை விற்றவர். 1961இல் கணவர் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது ஜாக்குலின் கென்னடி அணிந்த தொப்பி அவர் வடிவமைத்ததுதான். 1973இல் தொழிலையும் பெயரையும் நார்ட்டன் சைமன் நிறுவனத்திடம் கொடுத்தார். பணம் கொட்டியது. அப்புறம் ஜேசி பென்னி கடைகளுக்கு மலிவு உடைகள் செய்ய ஒப்புக்கொண்டதும், பெர்க்டார்ஃப் குட்மன் போன்ற உயர்தரக் கடை அவர் சரக்கை ஒதுக்கியது. நிறுவனம் கைமாறிக்கொண்டே போக, கடைசியில் தன் பெயரில் ஒரு சட்டை தைத்து விற்கக்கூட அவருக்கு உரிமை இல்லை. (போதைப் பழக்கமும் சேர்ந்துதான் கவிழ்த்தது, பழி முழுவதும் ஒப்பந்தத்துக்கு இல்லை.) 1990இல் இறந்தார்.

இத்தாலியரான அர்மானி விற்காதவர். 1975இல் தொடங்கிய நிறுவனத்தை 2025இல் இறக்கும்வரை விடவில்லை. வாசனைத் திரவியத்துக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பெயரை வாடகைக்கு விட்டார், அவ்வளவுதான்.

என் ஓட்டு அர்மானிக்கு. கடை வாடகை கட்டுவது நான் இல்லையே, எளிதாகச் சொல்லிவிட்டேன்.

"சரி மாமா, பெயர் எனக்கு, தையல் மெஷின் அவருக்குன்னு கேட்டுப் பார்க்கட்டுமா?" என்கிறாள்.