சென்சர் போன ட்ரையர்: ஒரிஜினலா, கடைச் சாமானா, முழு போர்டா?

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டக்களப்பில் ட்ரையரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொடியில் போட்ட உடுப்பு மத்தியானத்துக்குள் மொறுமொறு என்று காய்ந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழைக்குத்தான் அதை உருட்டி வெளியே எடுப்போம், பழுதாவதும் அப்போதுதான். கல்லடியில் எங்கள் வீட்டு மெஷின் வெப்பநிலைச் சென்சர் பிழை என்று காட்டி நின்றபோது மூன்று வழிகள் காதில் விழுந்தன: பார்ட் நம்பர் கொடுத்து ஒரிஜினல் சென்சரை எடுப்பிப்பது, கடையில் உள்ள பொதுச் சென்சரைப் போடுவது, மெஷினைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் போர்டையே மாற்றுவது. நான் ஒரிஜினலை எடுப்பித்தேன். இன்னொரு முறை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

போர்டைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. மூன்றிலும் விலை கூடியது அதுதான், திருத்த வருபவர் முதலில் சொல்வதும் பெரும்பாலும் அதைத்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு, போர்டுக்கு வரும் சென்சர் வயரின் கனெக்டரை இழுத்து, அந்த முனையிலேயே மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து மின்தடையைப் பாருங்கள். மீட்டர் ஒன்றும் காட்டாவிட்டால் சென்சரோ வயரோ எங்கோ அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டினால் ஷோர்ட். இரண்டிலும் போர்ட் நிரபராதி. அங்கே வாசிப்புச் சரியாக இருந்து, கனெக்டரும் சுத்தமாக இருந்து, பிழை மட்டும் போகாவிட்டால்தான் போர்டைச் சந்தேகிக்கலாம்.

எது சரியான வாசிப்பு? ட்ரையர்களில் இருப்பது பெரும்பாலும் என்.டி.சி. வகை, அதாவது சூடு ஏற ஏற மின்தடை குறையும். பல மொடல்களில் 25 பாகை செல்சியஸில் 10 கிலோ ஓம். வேறு அளவுகளும் உண்டு, ஆகவே உங்கள் மெஷினின் சேவைக் கையேட்டைப் பாருங்கள். ஆனால் நம்முடைய ஊரில் வீட்டுக்குள் 25 பாகை எப்போது இருந்தது? 30 பாகையில் நல்ல 10 கிலோ ஓம் சென்சரே ஏறக்குறைய 8 கிலோ ஓம்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு சென்சர் போய்விட்டது என்று தூக்கி எறிய வேண்டாம்.

இனி ஒரிஜினலும் கடைச் சாமானும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ தேடினால் ஏசிக்குப் போடும் 10 கிலோ ஓம் சென்சர் கிடைக்கலாம், கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் வகை வகையாகவே கிடைக்கும். விலை குறைவு, அன்றைக்கே போட்டுவிடலாம். கடையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரிஜினல் மாதிரியே இருக்கும். சிக்கலே அதுதான். 10 கிலோ ஓம் என்பது 25 பாகையில் உள்ள ஒரு புள்ளி மட்டும். அங்கிருந்து சூடு ஏறும்போது தடை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை பீட்டா மதிப்பு சொல்கிறது. சந்தையில் 3435-உம் உண்டு, 3950-உம் உண்டு. அறை வெப்பத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் பிடிபடாது. 70 பாகையில் முதலாவது சுமார் 2.2 கிலோ ஓம், மற்றது சுமார் 1.76.

இது ட்ரையருக்குள் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போர்ட் 3950-க்குச் செய்யப்பட்டிருக்க, நாம் 3435-ஐப் போட்டோம் என்று வையுங்கள். போர்ட் 70 பாகை என்று நம்பி ஹீட்டரை நிறுத்தும் நேரத்தில் உள்ளே ஏறக்குறைய 78 பாகை இருக்கும். நைலோன் உடுப்புக்கு அது ஆகாது, சூடு மிஞ்சினால் அறுந்து மெஷினைக் காக்கும் தெர்மல் பியூஸும் கெதியில் போகலாம். மாறிப் போட்டால் 63 பாகையிலேயே சூடு நின்றுவிடும். உடுப்பு ஈரமாகவே வரும், பிழைக் குறியீடும் வராது, மெஷின் கிழடு தட்டிவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். திருத்தியும் திருந்தாத இந்த நிலைதான் எனக்குப் பெரிய பயம். பார்ட் நம்பர் பார்த்து எடுத்தால் இந்தத் தலையிடி இல்லை. சென்சரின் தலை, வயரின் உறை, பூட்டும் இடம் எல்லாம் ட்ரையர் சூட்டுக்கென்றே செய்தவையாகவும் இருக்கும்.

ஒரிஜினலுக்கும் குறை உண்டு. விலை கூட, கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும், பழைய மொடலுக்குக் கிடைக்காமலும் போகலாம். அந்த நிலைமையில் கடைச் சாமான்தான் வழி, ஆனால் பீட்டாவைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வீட்டில் பார்க்கலாம்: சென்சரின் நுனியை மட்டும் கொதிநீரில் பிடித்து அளந்தால் 3435 கிட்டத்தட்ட 1 கிலோ ஓம் காட்டும், 3950 சுமார் 0.7 காட்டும். சேவைக் கையேட்டில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்படிப் பொருத்திய பொதுச் சென்சர் பல மாரி தாங்குமா என்பதற்கு என் கையில் அனுபவம் இல்லை. ஹீட் பம்ப் ட்ரையரை நான் திறந்ததும் இல்லை, நான் சொல்வது ஹீட்டர் வைத்த சாதாரண மெஷினுக்கு. சென்சருக்குப் பதிலாக ஒரு நிலையான ரெசிஸ்டரை ஒட்டி பிழையை ஏமாற்றும் வித்தையும் சிலருக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். எவ்வளவு சூடு ஏறினாலும் போர்டுக்குத் தெரியாது.

எந்த வழியில் போனாலும் சல்லியை எடுக்க முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் பின்கள் பச்சை பிடிப்பது இங்கே சாதாரணம். சூடான நேரத்தில் சென்சரின் தடையே 2 கிலோ ஓம் அளவுதான், அந்தப் பச்சையால் 300 ஓம் கூடினாலும் போர்ட் 4 பாகை குறைவாகக் கணிக்கும். கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, காய்ந்த பிறகு பூட்டி ஓட்டிப் பாருங்கள். பிழை திரும்பி வராவிட்டால் எதையும் வாங்கவே தேவையில்லை.