யூரெயில் பாஸ்: திருகோணமலையிலிருந்து புறப்படுவோருக்கு எது பொருந்தும்?

பாரிஸிலும் சூரிச்சிலும் உறவினர் உள்ள திருகோணமலைக் குடும்பங்கள் முதலில் அறியவேண்டியது, பல ஐரோப்பிய நாடுகளின் புகையிரதங்களில் ஒரே சீட்டில் பயணிக்க உதவும் பாஸ்களில், ஐரோப்பாவில் வசிப்போருக்கு இன்டர்ரெயில் பாஸும் இலங்கையில் வசிக்கும் நமக்கு யூரெயில் பாஸும் உரியவை என்பதால், அங்குள்ள அண்ணன் தனக்கு வாங்கும் பாஸையே நமக்கும் வாங்கித் தர முடியாது என்பதாகும். 33 நாடுகளில் செல்லுபடியாகும் யூரெயில் குளோபல் பாஸில், தொடர்ச்சியான நாட்களுக்குரியதை விட, ஒரு மாதத்துக்குள் விரும்பிய 4, 5 அல்லது 7 நாட்களில் பயணிக்கும் வகையையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். உறவினர் வீட்டில் தங்கி விருந்துண்ணும் நாட்களுக்கு வீணாகப் பணம் கட்டவேண்டியதில்லை. இரவுப் புகையிரதத்தில் ஏறி, நள்ளிரவுக்குப் பின் வேறொன்றுக்கு மாறாமல் சென்றால், புறப்பட்ட நாள் மட்டுமே கணக்கில் சேரும் என்பது அருமையான ஏற்பாடு.

எனது மனக்குறை ஆசனப் பதிவில்தான். பிரான்ஸின் டிஜிவி, பாரிஸையும் லண்டனையும் இணைக்கும் யூரோஸ்டார் ஆகிய அதிவேகப் புகையிரதங்களுக்குப் பாஸ் இருந்தும் தனிக் கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்யவேண்டும். பாஸ் வைத்திருப்போருக்கான இடங்களும் மட்டுப்படுத்தப்பட்டவை. ஜேர்மனி, ஒஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் பெரும்பாலான புகையிரதங்களில் அத்தொல்லை இல்லாததால், பாஸின் முழுப் பயனும் அங்கேதான் கிடைக்கிறது.

27 வயது வரையானோருக்குப் பாஸின் விலையில் கழிவு உண்டு. பாரிஸிலிருந்து லண்டன் செல்ல எண்ணுவோர், பாஸ் அங்கு செல்லுபடியாகும் என்றாலும் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளுக்குரிய ஷெங்கன் விசா பிரித்தானியாவுக்குப் போதாது என்பதால், அதற்குரிய விசாவைப் பெற்ற பின்னரே ஆசனத்தைப் பதிவு செய்யவேண்டும்.