300 மணி நேரமும் 14 மாதங்களும்: ஓர் ஆர்-2ஆர் டாக்குடன் என் அனுபவம்

14 மாதங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில், 1,40,000 ரூபாய் கொடுத்து ஆர்-2ஆர் வகை டாக் ஒன்றை வாங்கினேன். கணினியில் எண்களாகக் கிடக்கும் இசையை ஆம்ப்ளிஃபயர் ஏற்கும் மின்னழுத்தமாக மாற்றித் தருவது மட்டுமே இந்தப் பெட்டியின் வேலை. இன்றைய டாக்குகளில் பெரும்பாலானவை இந்த வேலையை டெல்டா-சிக்மா சிப் ஒன்றிடம் ஒப்படைத்துவிடுகின்றன. ஆர்-2ஆர் வகையில் மட்டும், ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் அமைந்த ரெசிஸ்டர்கள் ஏணிபோல் அடுக்கப்பட்டு, ஒவ்வொரு பிட்டும் தன் பங்கு மின்னழுத்தத்தைச் சேர்க்கிறது. 16 பிட் ஏணியில் மேல்பிட்டின் (மிகுந்த மதிப்புள்ள பிட்டின்) பிழை கடைசிப் பிட்டின் அளவைத் தாண்டாதிருக்க வேண்டுமானால், அந்தப் படியின் ரெசிஸ்டர் ஏறத்தாழ 0.003 சதவீதத் துல்லியத்துடன் இருக்க வேண்டும், 0.01 சதவீத ரெசிஸ்டரே விலை மிகுந்த பொருள் என்பதை நினைத்தால், இவ்வகைப் பெட்டிகளின் விலையும், வெப்பம் ஏறினால் ஒலி மாறும் என்ற பேச்சும் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கும்.

விற்பனையாளர் பெட்டியை ஒப்படைக்கும்போதே, 300 மணி நேரம் பர்ன்-இன் ஆகாமல், அதாவது ஓடிப் பழகாமல், எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அதை அப்படியே கடைப்பிடித்தேன். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, டாக்குக்கு மட்டும் இரவும் பகலும் இசைக்கோப்புகளை ஓட்டிக்கொண்டிருந்தேன். 20 வாட் எடுக்கும் பெட்டி 300 மணி நேரத்தில் 6 யூனிட் மின்சாரத்தைத்தான் விழுங்கும் என்பதால் செலவு பொருட்டல்ல. "பாட்டே கேட்காத பாட்டுப் பெட்டிக்கா இவ்வளவு பணம்?" என்று என் மனைவி கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இருக்கவில்லை. இடையில் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு நாள் முழுவதும் மின்சாரம் நின்றது. வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையைச் சேர்ந்தது. அதில் டாக்கின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமத் தொடங்கியதால் அன்று பெட்டியை அணைத்தே வைத்தேன்.

பர்ன்-இன் என்ற சொல் நம் ஒலி ஆர்வலர்கள் உண்டாக்கியதன்று. மின்னணுத் தொழிலில் அதற்கு வேறொரு பொருள் உண்டு. அமெரிக்க இராணுவத்தின் எம்.ஐ.எல்-எஸ்.டி.டி-883 தரமுறையில், சிப்புகளை 125 டிகிரி செல்சியஸில் 160 மணி நேரம் இயக்கிப் பார்க்கும் சோதனைக்கு இந்தப் பெயர்தான். அதன் நோக்கம் சிப்பை மெருகேற்றுவது அன்று. இளமையிலேயே இறக்கவிருப்பவற்றைத் தொழிற்சாலையிலேயே இறக்கவிட்டுக் களைவது. பொருள் பழகப் பழக நன்றாகும் என்ற நம்பிக்கை இந்தச் சொல்லின் மேல் பின்னால் ஏறியது. நான் அந்த நம்பிக்கையோடுதான் தொடங்கினேன். எனக்குக் கிடைத்ததோ தொழிற்சாலைக்காரர்களின் பொருளில் அமைந்த பர்ன்-இன்.

ஏறத்தாழ 110 மணி நேரம் ஓடியிருந்த ஓர் இரவில், நடுவில் நிற்க வேண்டிய பாடகியின் குரல் வலப்பக்கம் சாய்ந்து ஒலித்தது. முதலில் நாற்காலியை நகர்த்திப் பார்த்தேன். பிறகு இடது காதைச் சந்தேகித்தேன். (அடுத்த நாள் காது மருத்துவரிடம் போகலாமா என்றுகூட யோசித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.) டாக்கின் பின்புறத்தில் இரண்டு ஆர்.சி.ஏ. கேபிள்களையும் இடம் மாற்றிச் செருகியதும் குரல் இடப்பக்கம் போய்விட்டது. காதும் அறையும் ஒலிபெருக்கியும் குற்றமற்றவை என்று ஆயிற்று.

இந்தப் பெட்டியின் வால்யூம் ரிலேக்களால், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சுகளால், ஆனது: 1, 2, 4, 8, 16, 32 டெசிபல் குறைக்கும் ஆறு ரிலேக்கள் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளன, வேண்டிய அளவுக்கு அவற்றில் சில சேர்ந்து இயங்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் உள்ளே ‘டக்’ என்ற ஒலி கேட்கும். 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட்டி மல்டிமீட்டரால் அளந்தபோது, வால்யூம் மைனஸ் 28-இல் இடப்பக்கம் 80 மில்லிவோல்ட்டும் வலப்பக்கம் 126 மில்லிவோல்ட்டும் இருந்தன. இது ஏறத்தாழ 4 டெசிபல் வேறுபாடு. 28 முதல் 31 வரையிலும், மீண்டும் 36 முதல் 39 வரையிலும் அதே கோளாறு. இடையே, 4 டெசிபல் ரிலேக்கு வேலையில்லாத 32 முதல் 35 வரை, இரு பக்கமும் சமம். வலப்பக்கத்து 4 டெசிபல் ரிலே ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால், வால்யூமைச் சில முறை மேலும் கீழும் திருப்பினால் அது சரியாகி, மறுநாள் மீண்டும் வரும்.

விற்பனையாளரை அழைத்தேன். "300 மணி நேரம் முடியட்டும் சார், எல்லாம் செட்டாகிவிடும்" என்றார். பெட்டியைத் திருப்பித் தருவதற்கு எனக்கிருந்த கெடு 15 நாட்கள், அதாவது 360 மணி நேரம். இரவும் பகலும் ஓட்டியதால் கோளாறு ஐந்தாம் நாளிலேயே வெளிப்பட்டது. எல்லோரையும் போல நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் கேட்டிருந்தால், அந்த 300 மணி நேரம் நூறாவது நாளில்தான் முடிந்திருக்கும், கெடுவும் எப்போதோ கடந்து போயிருக்கும். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் கருதவில்லை. தான் சொன்னதை அவரே நம்பினார் என்பதுதான் இதில் எனக்குச் சிக்கலாகப் பட்டது. மல்டிமீட்டர் அளவுகளைக் காணொளியாக எடுத்து அனுப்பிய பிறகு மறுப்பின்றி வேறு பெட்டி தர ஒப்புக்கொண்டார். அது மூன்று வாரத்தில் வந்தது.

இரண்டாவது பெட்டியில் முறையாகச் சோதிக்க முடிவு செய்தேன். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த மூன்று நிமிடப் பகுதி ஒன்றையும், தம்பூராவுடன் ஒற்றைக் குரல் பாடும் பகுதி ஒன்றையும் தேர்ந்து, டாக்கின் வெளியீட்டை ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தேன். முதல் நாள், 100 மணி நேரத்தில், 300 மணி நேரத்தில் என மூன்று கட்டங்களிலும், ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை பதிந்தேன். பிறகு டெல்டாவேவ் மென்பொருளால் ஒரு பதிவிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எஞ்சுவதைப் பார்த்தேன். இதில் முக்கியமானது ஒரே நாளில் எடுத்த இரண்டு பதிவுகளின் வேறுபாடு, அளவுகோலே அதுதான். அந்த எச்சம் ஏறத்தாழ மைனஸ் 90 டெசிபல். முதல் நாள் பதிவையும் 300 மணி நேரப் பதிவையும் கழித்தபோதும் அதே அளவுதான் எஞ்சியது. கண்ணில் பட்ட ஒரே மாற்றம் வேறிடத்தில் இருந்தது: குளிர்ந்த பெட்டியை இயக்கிய முதல் ஐந்து நிமிடங்களுக்கும் ஒரு மணி நேரம் கழித்துக்குமிடையே ஒலியளவு 0.02 டெசிபல் நகர்ந்தது. அது ஒவ்வொரு நாளும் நிகழ்ந்து ஒவ்வொரு நாளும் மறைவது, பழகுவதால் வருவதன்று.

ஆயினும் என் குறிப்பேடு வேறு கதை சொல்கிறது. முதல் நாள், "மேல் ஸ்தாயியில் நாகஸ்வரம் உறுத்துகிறது" என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாம் நாள், "உறுத்தல் போயிற்று, தவிலின் தொப்பி ஆழமாகக் கேட்கிறது" என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் பொய்யல்ல. ஆனால் முதல் நாள் ஒலிப்பதிவையும் 300 மணி நேர ஒலிப்பதிவையும் ஃபூபார் 2000 என்ற மென்பொருளின் ஏ.பி.எக்ஸ். சோதனையில் எது எது என்று தெரியாமல் கேட்டபோது, 16 முறையில் 7 முறைதான் சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். இடையில் மாறியவை பல: மார்கழி பிறந்து மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தேன், புதிய ஒலிக்குக் காது பழகியிருந்தது, குற்றம் தேடிக் கேட்பதை விட்டுப் பாட்டைக் கேட்கத் தொடங்கியிருந்தேன். இவற்றில் மின்விசிறியைக் குறைத்து மதிப்பிட முடியாது. அது சுழலும்போது தம்பூராவின் மெல்லிய மேற்சுரங்கள் பாதி மறைந்துவிடுகின்றன.

பழைய டாக்கோடு ஒப்பிட்டபோது முதல் வாரம் முழுவதும் புதியதே வென்றது. பிறகு அளந்து பார்த்தால், பழையது 2 வோல்ட்டும் புதியது 2.25 வோல்ட்டும் தருகின்றன. அதாவது புதியது 1 டெசிபல் உரக்க ஒலித்திருக்கிறது. சற்று உரக்க ஒலிப்பது கூடுதல் தெளிவாகத் தோன்றும் என்பது இத்துறையில் அனைவரும் அறிந்ததே, அறிந்தும் ஏமாந்தேன். அளவை 0.1 டெசிபலுக்குள் சமன் செய்து, என் மகன் மறைவிலிருந்து மாற்றித் தர, 16 முறை கேட்டதில் 10 முறை சரியாகச் சொன்னேன். குருட்டாம்போக்கில் சொன்னாலும் 10 அல்லது அதற்கு மேல் வருவதற்கு ஏறத்தாழ 23 சதவீத வாய்ப்பு உண்டு. 12 வந்திருந்தால் அது 4 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும், நானும் மீசையை முறுக்கியிருப்பேன்.

இதே தர்க்கத்தை ஒலிபெருக்கிக்கு நீட்டக் கூடாது. அங்கே கூம்பைத் தாங்கும் பாகங்கள் உண்மையிலேயே அசைந்து தளர்கின்றன. புதிய வூஃபரின் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கியின்) ஒத்ததிர்வு எண் இயக்கத்துக்குப் பின் குறைவதை அளந்தே காட்டலாம்.

இதுவரையிலான புழக்கத்தில் இரண்டாவது பெட்டி ஒரு முறைகூடத் தொல்லை தரவில்லை. யூ.எஸ்.பி. வழியாகக் கணினியுடன் இணைத்தபோது 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டது. எர்த் வழியே உருவான சுற்று அது. ஆப்டிகல் கேபிளுக்கு மாறியதும் நின்றுவிட்டது. சித்திரை வெயிலில் மேல்மூடி கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. அதனால் அதன் மேல் எதையும் வைப்பதில்லை. திரையின் வெளிச்சத்தை முழுவதும் அணைக்க வழியில்லாததால் கறுப்பு நாடா ஒட்டியிருக்கிறேன்.

இதை மறுபடியும் வாங்குவேனா என்றால், வாங்குவேன். ஆனால் ஏணி ரெசிஸ்டர்களுக்காக அல்ல. இரவு பதினொன்றுக்கு மேல் மைனஸ் 40-இல் வைத்தாலும் இரைச்சலின்றி, இரு பக்கமும் சமமாக ஒலிக்கும் அந்த ரிலே வால்யூமுக்காக வாங்குவேன். மாதத்தின் முதல் ஞாயிறன்று மைனஸ் 28-இல் இரு பக்கத்தையும் மல்டிமீட்டரால் அளப்பது இன்றும் தொடர்கிறது. கடைசியாகப் பார்த்தபோதும் 80-க்கு 80.