மல்லாட்டைக்கு டிஏபியா, குருணை சூப்பரா?

திண்டிவனம் பக்கம் செம்மண் காட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுகிறேன். அடியுரம் என்றாலே எங்கள் ஊரில் டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரம்தான். இந்தப் பட்டத்தில் பாதிக் காட்டுக்கு அதையும், மீதிக்குக் குருணை சூப்பர் பாஸ்பேட்டும் போட்டேன். இனி மல்லாட்டைக்கு நான் வாங்கப்போவது சூப்பர்தான்.

முதலில் அதன் குறை. டிஏபியில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 46 சதம், சூப்பரில் வெறும் 16. ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து போக டிஏபி ஒரு மூட்டைகூட ஆகாது. சூப்பர் இரண்டரை மூட்டை வேண்டும். வண்டி வாடகை, ஆள் கூலி எல்லாம் ஏறும். டிஏபியில் இருக்கும் 18 சதம் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சூப்பரில் இல்லை, யூரியா தனியாக வாங்க வேண்டும். யூரியாவையும் சூப்பரையும் கலந்து வைத்துவிடாதீர்கள், நீர்த்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும்.

ஆனால் சூப்பரில் 11 சதம் கந்தகமும் கால்சியமும் சேர்ந்தே வருகிறது. எண்ணெய் பிடிக்கக் கந்தகம் வேண்டும். கால்சியத்தை வேர் எடுத்துக் காய்க்கு அனுப்பாது. பூவிலிருந்து மண்ணில் இறங்கிய விழுதும் பிஞ்சும் தாங்களேதான் உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் டிஏபி பக்கம்தான் கரும்பச்சையாக நின்றது. அது தழைச்சத்தின் வேலை. பூ எடுத்ததும் இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டன. பிடுங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. டிஏபி பக்கம் காய் குறையவில்லை, ஆனால் உடைத்தால் ஒரு பருப்பு திரண்டும் இன்னொன்று சூம்பியும் கிடந்தது, பருப்பில்லாத பொக்கும் அதிகம். சூப்பர் பக்கம் இரண்டு பருப்பும் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தன. ஒன்று சொல்ல வேண்டும்: கால்சியமும் கந்தகமும் ஜிப்சத்திலும் உண்டு, இந்தத் தடவை எனக்கு அது கிடைக்கவில்லை. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறவர்களுக்கு இவ்வளவு வித்தியாசம் தெரியாது.

மலிவு என்று ராக் பாஸ்பேட் (மணிச்சத்துப் பாறையை அரைத்த தூள்) பக்கம் போகாதீர்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டம் மாதிரிப் புளிப்பு மண்ணில் அது மெல்லக் கரைந்து கொடுக்கும். என் மண்ணின் கார அமில நிலை ஏழரை; இதில் மூன்றரை மாதப் பயிருக்கு அது ஒன்றும் தராது.

எதை வாங்கினாலும் மேலே தூவாமல் விதைச் சாலுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் போடுங்கள். மணிச்சத்து விழுந்த இடத்தைவிட்டு நகராது. டிஏபி விதையைத் தொட்டுக்கொண்டு இருந்தால் அமோனியா பட்டு முளைப்பு கெடும்.

நான் டிஏபி வாங்கிய கடையில் கேட்காத திரவ உரப் பாட்டில் ஒன்றையும் தலையில் கட்டினார்கள். விவசாயியிடம் இப்படிச் செய்வது அநியாயம். பில் கேட்டு வாங்குங்கள், பாட்டில் வேண்டாம் என்று சொல்லுங்கள்.