சின்ன ஷண்டிங் யார்டுக்கு எந்த பாயிண்ட்? ஐந்து வருடம் உருட்டிய பிறகு

மாதிரி ரயிலில் வண்டிகளைப் பிரித்துக் கோக்கிற சின்ன யார்டு போடுகிறவர்கள் பாயிண்ட், அதாவது வண்டி தடம் மாறுகிற தண்டவாளத் துண்டு, வாங்கும்போது வளைவு எவ்வளவு, மோட்டார் சேர்ந்து வருமா என்றுதான் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். பாயிண்டில் இரண்டு தண்டவாளம் ஒன்றையொன்று வெட்டிப் போகிற வி வடிவ இடத்தைத்தான் ஃப்ராக் என்கிறார்கள். அந்த ஃப்ராக்கில் கரண்ட் வருமா வராதா என்று கேட்டிருந்தால் இரண்டு வருட எரிச்சல் மிச்சமாகியிருக்கும்.

2020 ஊரடங்கில் பாளையங்கோட்டை வீட்டு மாடியில், ஆறடிக்கு ஒன்றேகால் அடி பிளைவுட்டில் ஆரம்பித்தது. எச்ஓ அளவு, அதாவது 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நம்முடைய 1676 மி.மீ. அகலப்பாதையை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ. தாண்டும், கணக்குப்படி நம்மூர் ரயில் இதில் கொஞ்சம் ஒல்லிதான், அதையெல்லாம் பார்த்தால் ஆடவே முடியாது. போட்டது இங்கிள்நூக் என்கிற ஷண்டிங் புதிர்: ஒரு தடத்தில் 5 வண்டி, மற்ற இரண்டில் மூன்று மூன்று. எட்டு வண்டியில் சீட்டுப் போட்டு வந்த ஐந்தை, வந்த வரிசையிலேயே கோக்க வேண்டும். இதற்கு இரண்டே பாயிண்ட் போதும். எஞ்சின் ஷெட் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டதால் எனக்கு மூன்று ஆனது.

முதல் செட் அத்தான் வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்தது, கம்பெனி பெயர் வேண்டாம். ஃப்ராக் முழுக்க பிளாஸ்டிக். மாதிரி எஞ்சினுக்குக் கரண்ட் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் வரும். ஒரு பாதைக்கு அங்கே பிளஸ் வேண்டும், இன்னொரு பாதைக்கு மைனஸ் வேண்டும், அதனால் வம்பே வேண்டாம் என்று பிளாஸ்டிக்கில் செய்துவிடுகிறார்கள். வயரிங் சுலபம், வேகமாகப் போகிற வண்டிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் யார்டில் எவன் வேகமாகப் போகிறான்? என்னிடம் இருந்தது நான்கு சக்கர சின்ன ஷண்டிங் எஞ்சின். ஒரு சக்கரம் பிளாஸ்டிக்கில் ஏறி, அந்தப் பக்கத்து இன்னொரு சக்கரம் தூசியில் நின்றால் போச்சு, அப்படியே நின்றுவிடும். விரலால் ஒரு தட்டு. மறுபடி நிற்கும், மறுபடி ஒரு தட்டு.

அம்மாவின் அண்ணன், என் மாமா, மீட்டர் கேஜ் காலத்தில் தென்காசி லைனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். ஒருநாள் மாடிக்கு வந்தவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை, குனிந்து பாயிண்டைத்தான் பார்த்தார். "ஏல, டங் ரயில் ஒட்டவே இல்லியேல, வண்டி எப்படிப் போவும்?" நகர்கிற அந்த இரண்டு கூர் தண்டவாளத்தைத்தான் டங் ரயில் என்கிறார். நிஜ பாயிண்டில் 5 மி.மீ. கட்டையை இடையில் கொடுத்துப் பார்ப்பார்களாம், கட்டை இருக்கும்போது பாயிண்ட் லாக் ஆகக் கூடாது. நான் பஸ் டிக்கெட்டைக் கொடுத்துப் பார்த்தேன், உருவியதும் தடையில்லாமல் வந்துவிட்டது. அந்த வகை பாயிண்டில் கரண்ட் அடுத்த தண்டவாளத்துக்குப் போக அந்த ஒட்டுதல்தான் ஒரே வழி. எஞ்சின் நின்றதற்குப் பாதிக் காரணம் இது.

இதில் என் கைவேலையும் உண்டு. ஜல்லிக்கு தாமிரபரணி மணலை டீ வடிகட்டியில் சலித்துப் போட்டு, ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து சொட்டு சொட்டாக விட்டேன். பசை, டங் ரயில் இரண்டையும் இணைக்கிற டை பாருக்கு அடியில் இறங்கி ஒரு பாயிண்ட் கல்லாகிவிட்டது. அதைவிட மோசம், மணலில் இருந்த கருப்புத் துகள்கள். காந்தத்தைக் காட்டினால் மீசை மாதிரி எழுந்து நின்றன. எஞ்சின் மோட்டாரிலும் காந்தம் இருக்கிறதே! ஆற்று மணல் போடுகிறவர்கள் நாலு தடவையாவது காந்தத்தை ஓட்டிவிட்டுப் போடுங்கள்.

2022இல் இரண்டை மாற்றினேன். பெக்கோ என்கிற பிரிட்டிஷ் கம்பெனியின் மீடியம், ஃப்ராக் உலோகம். அவர்களுடைய சின்ன பாயிண்டுக்கு வளைவின் ஆரம் 610 மி.மீ., நீளம் 185. மீடியத்துக்கு ஆரம் 914, நீளம் 219. பிரியும் கோணம் இரண்டிலும் 12 டிகிரிதான். ஆக 34 மி.மீ. கூடுதலாக விட்டால் வளைவு எவ்வளவோ மென்மையாகிறது, ஐந்து வண்டியைப் பின்னால் தள்ளும்போது கப்ளிங் பிதுங்கித் தடம் புரள்வது எனக்கு அறவே நின்றுவிட்டது. இடம் அவ்வளவு நெருக்கடி என்றால் மட்டும் சின்னது.

உலோக ஃப்ராக்குக்கு ஒரு விதி உண்டு. ஃப்ராக்கிலிருந்து கிளம்புகிற உள்பக்கத் தண்டவாளம் இரண்டிலும் தண்டவாளத்தைக் கோக்கிற ஜாயினர் பிளாஸ்டிக்கில் போட வேண்டும். நான் ஒன்றில் மறந்தேன், பாயிண்டைத் திருப்பியதும் ஷார்ட் ஆகி கன்ட்ரோலர் அணைந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க வயர் வயராகத் தேடினேன்.

பாயிண்டைத் திருப்ப மோட்டார் வேண்டாம். காயில் மோட்டார் ஒன்று போட்டேன், பட்டன் சிக்கிக்கொண்டதில் காயில் புகைந்துவிட்டது. கை எட்டுகிற பலகைக்கு அது எதற்கு? ஜங்ஷன் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிற சாதாரண ஸ்லைடு சுவிட்ச் போதும். பெரிய ஜெம் கிளிப்பை நிமிர்த்தி சுவிட்சையும் டை பாரையும் இணைத்தேன். சுவிட்ச் நகர்கிற தூரம் டங் ரயில் நகர்வதைவிட அதிகம், அதனால் கம்பியின் நடுவில் ஒரு வளைவு கொடுத்தால் அதுவே ஸ்பிரிங் ஆகிவிடும். பாயிண்டோடு வருகிற ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டேன். சுவிட்சின் நடுக்கால் ஃப்ராக்குக்கு, ஓரக்கால்கள் இரண்டு தண்டவாளத்துக்கும். தள்ளினால் பாயிண்டும் திரும்பும், கரண்டும் மாறும். பஸ் டிக்கெட் இப்போது உருவினால் கிழிகிறது.

ஆனி ஆடிக் காற்றில் மாடி முழுக்கப் புழுதி. அந்த இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை டங் ரயிலின் உள்பக்கத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கிறேன். டங் ரயிலுக்கும் ஃப்ராக்குக்கும் உள்ள இணைப்பை வெட்டிவிட்டு, டங் ரயிலையும் அது ஒட்டுகிற தண்டவாளத்தையும் அடியில் வயரால் இணைத்த பிறகு, துடைக்க மறந்தாலும் ஓடுகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் பெக்கோவின் யூனிஃப்ராக் வகையைப் பார்க்கலாம், அந்த இணைப்பு அதிலேயே கொடுத்திருக்கிறார்கள்.

ஷெட் தடத்தில் இருப்பது இன்னும் பழைய பிளாஸ்டிக்தான். எஞ்சின் அங்கே போகும்போதெல்லாம் ஒருமுறை நிற்கிறது, மாமா பக்கத்தில் இருந்தால் அவரே தட்டிவிடுகிறார். அத்தான் அடுத்த லீவுக்கு வரும்போது அதற்கும் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.